புள்ளி கோடாகத் தெரிந்த கண்கள்: உருளை வில்லையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கண்ணின் குறைகளுட் சில தம்மைத் தாமே அறிவிப்பன. முதுமை எய்தியவர் நூலைக் கையிலெடுத்ததும் எழுத்து மங்குவதை உணர்கின்றார். முன்னர்த் தெளிவாய்த் தெரிந்தது இப்போது தெரியவில்லை என்ற ஒப்பீடு அவருக்கு உண்டு. ஆனால், அஸ்டிக்மற்றிசம் எனப்படும் புள்ளிக்குவியமின்மை அத்தகையதன்று. பெரும்பாலும் இளமைதொட்டே அது கண்ணில் அமைந்துவிடுகின்றது. அதனை உடையவர் விளக்கின் சுடர் ஒருபுறமாய் இழுபட்டுத் தோன்றுவதையும், அச்செழுத்தின் ஒருதிசைக் கோடுகள் கருத்தும் மறுதிசைக் கோடுகள் வெளிறியும் தோன்றுவதையும் குறையென்று கொள்வதில்லை; உலகம் எல்லோர்க்கும் அவ்வாறே தோன்றுகின்றது என்றே எண்ணுகின்றார். இக்குறை 1801ஆம் ஆண்டில் அச்சில் விவரிக்கப்பட்டது. அதனைத் திருத்தும் வில்லை 1825இல் ஆக்கப்பட்டது. எனினும், அது மருத்துவத்தின் பொதுவுடைமையானது 1860களிலேயாம். அறுபது ஆண்டுகள் ஏன் சென்றன என்ற வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடை, புதிய மூக்குக்கண்ணாடியை அணிந்து இரண்டு நாள்களில் அதைக் கழற்றி மேசையறையுள் வைத்துவிடும் இன்றைய மாணவரையும் தொட்டு நிற்கின்றது.

கோள வில்லையின் காலம்

மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. முதுமைப் பார்வைக்கு உதவும் குவிவு வில்லைகளே முதலில் வழங்கின. குறும்பார்வைக்கான குழிவு வில்லைகள் 15ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தன. அதன் பின்னர் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் வில்லையின் வடிவில் அடிப்படையான மாற்றம் எதுவும் நிகழவில்லை. வில்லைகளெல்லாம் கோளத்தின் ஒரு துண்டு போன்ற பரப்பை உடையனவாகவே அரைக்கப்பட்டன. வாங்குவோர் கடையிலோ ஊர் ஊராய்த் திரியும் வணிகரின் பெட்டியிலோ ஒன்றன்பின் ஒன்றாய் அணிந்து பார்த்து, தமக்கு ஒத்ததெனத் தோன்றியதைத் தெரிந்துகொண்டனர்.

இம்முறையால் தீராத குறை ஒன்று இருந்தது. விழியின் முகப்பிலுள்ள ஒளிபுகு படலமாகிய விழிவெண்படலம் பந்தின் பரப்பைப் போல எத்திசையிலும் ஒரேயளவாய் வளைந்திருப்பின், ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட கதிர்கள் ஒரு புள்ளியிலேயே குவியும். அஃது ஒரு கரண்டியின் முதுகைப்போல நெடுக்கில் ஓரளவும் குறுக்கில் வேறோரளவுமாய் வளைந்திருப்பின், நெடுக்குத் தளத்துக் கதிர்கள் ஓரிடத்திலும் குறுக்குத் தளத்துக் கதிர்கள் வேறோரிடத்திலும் குவியும். புள்ளி, புள்ளியாய் அமையாது கோடாய் நீளும். கோள வில்லை எல்லாத் திசையிலும் ஒரே ஆற்றலை உடையது. ஆதலின் ஒரு தளத்தைத் திருத்தினால் மறுதளம் பிழைபட்டே நிற்கும். இக்குறையுடையோர் வணிகரின் பெட்டியில் எத்தனை கண்ணாடிகளை அணிந்து பார்த்தாலும் ஒன்றும் முற்றாகப் பொருந்துவதில்லை. அவர்களுடைய கண் திருத்தமுடியாதது என்ற முடிவே எஞ்சியது.

யங் கண்டதும் காணாததும்

தோமஸ் யங் (1773–1829) மருத்துவம் பயின்றவர். ஒளி அலையியல்பினது என்பதை நிறுவியவர்களுள் ஒருவராகவும், எகிப்தியப் பட எழுத்துகளை வாசிக்கும் முயற்சியில் முன்னின்றவராகவும் அவர் அறியப்படுகின்றார். 1800ஆம் ஆண்டு நவம்பரில், தம் இருபத்தேழாம் வயதில், கண்ணின் பொறிமுறை பற்றி அவர் இலண்டன் ரோயல் சொசைட்டியில் ஆற்றிய பேக்கரியன் விரிவுரை அடுத்த ஆண்டு அச்சாயிற்று. கண் அண்மைக்கும் சேய்மைக்கும் தன்னை எவ்வாறு இசைவித்துக்கொள்கின்றது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அதற்கெனத் தம் கண்ணையே அளந்தபோது எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. தளர்ந்த நிலையில் அவர் கண், நிலைக்குத்தாய் விரியும் கதிர்களைப் 10 அங்குலத் தொலைவிலிருந்தும், கிடையாய் விரியும் கதிர்களை 7 அங்குலத் தொலைவிலிருந்தும் குவித்தது. இக்கால அலகிற் கூறின், இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 1.7 டையொப்டர் வேறுபாடு இருந்தது.

இதன் காரணத்தை அறிய அவர் செய்த சோதனை வியப்புக்குரியது. சிறு நுணுக்குக்காட்டியொன்றின் வில்லையை ஒரு குழலிற் பொருத்தி, விளிம்பை மெழுகால் அடைத்து, உள்ளே நீரை நிரப்பித் தம் கண்ணோடு ஒட்ட வைத்தார். நீர் விழிவெண்படலத்தைத் தொட்டதும் அப்படலத்தின் ஒளிமுறிக்கும் ஆற்றல் பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் கண்ணின் குறை மறையவில்லை. எனவே, தம் கண்ணைப் பொறுத்தவரை, உள்வில்லையின் சாய்வே காரணம் என முடிவு செய்தார்.

இங்கு இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இக்குறையால் தமக்கு எவ்விதத் தொல்லையும் நேர்ந்ததில்லை என்றும், இச்சோதனைகளைச் செய்யும்வரை அதனைத் தாம் அறிந்ததேயில்லை என்றும் யங் எழுதினார். தம் காலத்தின் கூரிய அறிஞருள் ஒருவர், ஒளியியலைத் தம் துறையாகக் கொண்டவர், இருபத்தேழு ஆண்டுகள் தம் கண்ணின் குறையை அறியாதிருந்தார். இரண்டாவது, கருவியாக்குநராகிய கேரி என்பார் யங்கிற்குக் கூறிய செய்தி. குழிவு வில்லையைச் சாய்த்துப் பிடித்தாலன்றித் தெளிவாய்க் காணமாட்டாதவர் பலரைத் தாம் கண்டிருப்பதாக அவர் கூறினார். சாய்த்த கோள வில்லை ஒருதிசையில் கூடிய ஆற்றலைப் பெறும். ஆகவே, பெயரறியாத அம்மக்கள், அறிஞர் உலகம் குறையைப் பெயரிட்டழைக்கும் முன்னரே, கையின் பழக்கத்தால் அதற்கொரு தீர்வைக் கண்டிருந்தனர். வணிகருக்கும் அது தெரிந்திருந்தது. மருத்துவம் மட்டுமே அதனை அறியவில்லை. யங்கும் தமக்குத் தொல்லையில்லாமையால் அவ்விடயத்தை மேலே தொடரவில்லை.

எயரியின் இடக்கண்

யங்கின் விரிவுரை அச்சான 1801ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் பிடெல் எயரி பிறந்தார். பின்னாளில் 1835 முதல் 1881 வரை பிரித்தானிய அரச வானியலாளராய் விளங்கியவர் இவர். கிரினிச்சில் இவர் நிறுவிய கருவியின் வழியாகச் செல்லும் கோடே 1884இல் உலகின் முதல் நெடுங்கோடாக ஏற்கப்பட்டது. 1825இல் இவர் கேம்பிரிட்ஜில் இருபத்து மூன்று வயதினராயிருந்தார். வாசிக்கும்போது தம் இடக்கண் சிறிதும் பயன்படுவதில்லை என்பதை இவர் கவனித்தார். எந்தக் குழிவு வில்லையும் அக்கண்ணுக்கு உதவவில்லை.

எயரி ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, அதனூடாக வரும் ஒளியை இடக்கண்ணால் நோக்கினார். அட்டை 6 அங்குலத் தொலைவில் இருந்தபோது ஒளிப்புள்ளி, நிலைக்குத்துக்கு ஏறத்தாழ 35 பாகை சாய்ந்த ஒரு கோடாய்த் தோன்றியது. 3½ அங்குலத்துக்கு அண்மித்தபோது அக்கோட்டிற்குச் செங்குத்தான வேறொரு கோடாய் மாறியது. எவ்விடத்திலும் அது புள்ளியாய்த் தோன்றவில்லை. இக்கால அலகில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 4.7 டையொப்டர் ஆகும். யங்கின் குறையைப்போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. யங்கிற்குத் தொல்லை தராத குறை எயரியின் ஒரு கண்ணையே பயனற்றதாக்கியது ஏன் என்பது இதனால் விளங்கும்.

கண் கோளமன்றெனின் வில்லையும் கோளமாயிருத்தல் ஆகாது என எயரி தெளிந்தார். ஒருபுறம் கோளப் பரப்பும் மறுபுறம் உருளைப் பரப்பும் உடைய குழிவு வில்லையைக் கணித்தார். உருளைப் பரப்பு தன் அச்சின் திசையில் ஆற்றலற்றது. அதற்குச் செங்குத்தான திசையிலேயே ஒளியை முறிப்பது. கணிப்பைவிடச் செய்விப்பது கடினமாயிற்று. முதலில் அணுகிய கைவினைஞரால் அது கூடவில்லை. இறுதியில், இப்சுவிச் நகரத்தவரான ஃபுல்லர் என்பவர் அதனைச் செய்து கொடுத்தார். அந்நகருக்கு அண்மையிலுள்ள பிளேஃபோர்ட் என்னும் ஊரிலேயே எயரியின் தாய்மாமன் ஆதர் பிடெல் வாழ்ந்தார்; எயரிக்கு அவ்வட்டாரம் இளமை முதலே பழக்கமானது. புதிய வில்லையை அணிந்ததும், முன்னர் ஒன்றுக்கும் உதவாத கண் மிகச் சிறிய அச்செழுத்தையும் வாசித்தது. 1825 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரையே உருளை வில்லையின் வரலாற்றில் முதற் சான்றாகும்.

எயரி அத்துடன் அமையவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கண்ணை மீண்டும் மீண்டும் அளந்து முடிவுகளை வெளியிட்டார். குறும்பார்வை காலப்போக்கிற் குறைந்ததையும், இரு தளங்களுக்கிடையேயான வேறுபாடு பெரிதும் மாறாது நின்றதையும் பதிவு செய்தார். இக்குறைக்குப் பெயரில்லாதிருந்த நிலையில், அவருடைய நண்பர் வில்லியம் ஹியூவெல், புள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து இன்று வழங்கும் பெயரை ஆக்கிக் கொடுத்தார். பெயரின் பொருள், புள்ளியாதல் இல்லாமை என்பதே. அறிவியலாளரைக் குறிக்க இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை ஆக்கியவரும் இவரேயாவர்.

டொண்டர்ஸ்: தனியொருவர் குறை பொதுக்குறையாதல்

பெயரும் வந்தது; வில்லையும் வந்தது; ஆயினும், குறையுடையோர் பயன்பெறவில்லை. 1825க்குப் பிந்திய முப்பத்தைந்து ஆண்டுகளில் இது அரிதானதொரு விந்தையாகவே கருதப்பட்டது. ஒருவர் தம் கண்ணைத் தாமே அளக்கும் கணித அறிவு உடையவராயிருந்தாலன்றி அவருக்கு இத்தீர்வு எட்டவில்லை. வாசித்தால் கண் கடுக்கின்றது, தலை நோகின்றது என முறையிட்டோருக்கு விழித்திரையின் பலவீனமே காரணம் எனக் கூறப்பட்டது. படிப்பையும் நுண்ணிய கைத்தொழிலையும் கைவிடுமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். கண்ணாடி அணிதல் கண்ணைக் கெடுக்கும் என்ற அச்சம் மருத்துவர் பலரிடமும் நிலவியது. தையல் வேலையாலும் எழுத்து வேலையாலும் பிழைத்தோருக்கு இவ்வறிவுரை பிழைப்பையே கைவிடச் சொல்வதாய் இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கொர்னேலியஸ் டொண்டர்ஸ் (1818–1889). ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட கண்ணுள்நோக்கியும், பின்னர் விழிவெண்படலத்தின் வளைவை அளக்க ஆக்கிய கருவியும் அவருக்குத் துணையாயின. 1858இல் உட்ரெக்டில் நிறுவப்பட்ட கண் மருத்துவமனை, ஒருவரையன்று, நூற்றுக்கணக்கானோரை ஒரே முறையில் சோதிக்கும் வாய்ப்பை அளித்தது. 1862இல் புள்ளிக்குவியமின்மையும் உருளை வில்லையும் பற்றித் தனிநூலொன்றை வெளியிட்ட டொண்டர்ஸ், 1864இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் பெருநூலிற் கண்ணின் ஒளிமுறிவுக் குறைகளை முறைப்படுத்தினார்.

அவர் நிறுவியவை மூன்று. முதலாவதாக, இக்குறை அரிதன்று; சிறிதளவேனும் ஏறத்தாழ எல்லாக் கண்களிலும் அது உண்டு. இரண்டாவதாக, பெரும்பாலானோரிடத்தில் காரணம் உள்வில்லையன்று, விழிவெண்படலத்தின் வளைவு வேறுபாடே. யங் தம் கண்ணைப் பற்றிக் கூறியது அவர் கண்ணுக்குப் பொருந்தியது, பொது விதியாகவில்லை. மூன்றாவதாக, பார்வை மங்கல் எனக் கைவிடப்பட்டோர் பலர் உண்மையில் திருத்தத்தக்க ஒளியியற் குறையே உடையவர்கள். இறுதியிற் கூறியதே சமூக அளவில் மிகப் பெரியது. கண்ணாடி வணிகரின் பெட்டியிலிருந்த விடயம், மருத்துவரின் கடமையாக மாறியது இவ்விடத்திலேயாம்.

அளவையின் வளர்ச்சி

பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டுமாயின், எயரியின் ஊசித்துளையினும் எளிய முறைகள் தேவைப்பட்டன. டொண்டர்சின் உடனுழைப்பாளரான ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் எழுத்துப் பலகையை வெளியிட்டார். 1872இல் மொனோயர் என்னும் பிரெஞ்சுக்காரர் முன்மொழிந்த டையொப்டர் என்ற அலகு, வில்லைகளின் ஆற்றலை வெறுங் கூட்டல் கழித்தலாற் கணிக்க வழிசெய்தது. 1873இல் கினியே என்பவர் விவரித்த முறையில், விழியுட் செலுத்திய ஒளியின் நிழலசைவைக் கொண்டு, நோயாளி வாய்திறவாமலே கண்ணின் குறையை அறிய இயன்றது. குழந்தைகளைச் சோதிக்க இஃது உதவிற்று. 1880இல் போர்த்துக்கேயரான பிளாசிடோ, கருப்பும் வெள்ளையுமான வட்டங்கள் வரைந்த தட்டின் தெறிப்பை விழிவெண்படலத்தில் நோக்கினார். வட்டம் நீள்வட்டமாய்த் தெரியின் குறை உண்டு. 1881இல் பாரிசில் ஜவாலும் ஷியோட்சும் ஆக்கிய அளவி அவ்வளைவை விரைவாய் அளந்தது. பிறர் கண்களை அளப்பதில் வாழ்நாளைக் கழித்த ஜவால், கண்ணமுக்க நோயாற் பின்னர்த் தாமே பார்வையிழந்து, பார்வையற்றோர் வாழ்வு பற்றி 1903இல் நூலெழுதினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வளர்ச்சியின் சுருக்கமே இன்று மருத்துவர் தரும் கண்ணாடிச் சீட்டு. அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் கோளம், உருளை, அச்சு என மூன்று எண்கள் உண்டு. கோளம் பழைய வணிகர் பெட்டியின் எச்சம். உருளை எயரியின் கணிப்பு. அச்சு அவர் கண்ட கோட்டின் சாய்வு. உருளையின் அளவு சரியாயிருந்தும் அச்சு சில பாகை விலகினால், பழைய குறை போய்ப் புதியதொரு குறை தோன்றும். சட்டம் வளைந்து கண்ணாடி மூக்கிற் சரிந்தாலும் இவ்வாறே நேரும்.

கண்ணுக்குப் பின்னுள்ள கண்

ஆயினும் வரலாறு இத்துடன் முடியவில்லை. எல்லா அளவும் சரியாய் அமைந்த கண்ணாடியை முதன்முதல் அணிந்தவர், எழுத்து தெளிந்திருந்தும், நிலைக்கதவு சாய்ந்ததென்றும் தரை சரிந்ததென்றும் படி உயர்ந்ததென்றும் முறையிடுவது உண்டு. இது பொய்யன்று. கண்ணுக்குச் சற்று முன்னே நிற்கும் உருளை வில்லை, ஒருதிசையில் உருவைச் சிறிது பெருப்பித்தோ சிறுப்பித்தோ காட்டுவது. இரு கண்களின் அச்சுகள் வெவ்வேறு திசையிலிருப்பின், இரு உருக்களின் வேறுபாட்டை மூளை சாய்வெனப் பொருள்கொள்கின்றது. அமெரிக்காவின் டார்ட்மத் கண் ஆய்வு நிலையத்தில் அடல்பேர்ட் ஏம்சும் அவருடன் உழைத்தோரும் 1930களிலும் 1940களிலும் இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்தனர்.

இம்மயக்கம் நிலையானதா? விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1890களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன் என்னும் உளவியலாளர், உலகைத் தலைகீழாய்க் காட்டும் வில்லைகளை நாட்கணக்கில் அணிந்து வாழ்ந்து பார்த்தார். முதலில் தடுமாறிய கையும் காலும் நாளடைவில் இசைந்தன. 1933இல் ஜேம்ஸ் கிப்சன், நேர்கோட்டை வளைவாய்க் காட்டும் அரியக் கண்ணாடியைத் தொடர்ந்து அணிந்தால் வளைவு குறைந்து தோன்றுவதையும், கழற்றியதும் நேர்கோடு எதிர்ப்புறம் வளைந்து தோன்றுவதையும் காட்டினார். ஆகவே, காட்சி என்பது விழித்திரையிற் படுவது மாத்திரமன்று. பட்டதைப் பழக்கத்தால் திருத்திக்கொள்வதும் ஆகும். பழைய மங்கலான கண்ணுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்ட மூளை, புதிய தெளிவுக்கேற்ப மீண்டும் அமையச் சில நாள்களோ ஓரிரு வாரமோ வேண்டும். விட்டுவிட்டு அணிவோருக்கு அக்காலம் நீளும். பழக்கத்துக்குப் போதிய காலம் சென்ற பின்னரும் தரை சரிந்தே தோன்றுமாயின், மீளச் சோதிப்பதே முறை.

ஓவியர் எல் கிரேக்கோ (1541–1614) பற்றிய வாதமும் இங்குத் தெளிவுபெறும். அவர் வரைந்த மனிதர் நெடிது நீண்டு தோன்றுவதற்கு அவருடைய கண்ணின் இக்குறையே காரணம் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சிலர் வாதித்தனர். மனிதரை நீளமாய்க் கண்டவர் தம் ஓவியத்தையும் நீளமாகவே கண்டிருப்பார். எனவே இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கும் என்பது அதற்குரிய மறுப்பு. 2002இல் ஸ்டுவர்ட் ஆன்ஸ்டிஸ் வெளியிட்ட சோதனை மேலும் ஒருபடி சென்றது. உருவை ஒருதிசையில் நீட்டிக் காட்டும் கருவியை அணிந்தோர், கண்முன் உள்ளதைப் பார்த்து வரைந்தபோது பிழைக்கவில்லை; நினைவிலிருந்து வரைந்தபோது தொடக்கத்திற் பிழைத்தனர்; தொடர்ந்து அணிந்தபோது இரண்டு நாள்களில் அப்பிழையும் நீங்கியது. வாழ்நாள் முழுதும் உடனிருந்த குறை ஓவியத்தை நீட்டியிருக்க இயலாது.

பழக்கத்தின் இவ்வாற்றலுக்கும் எல்லை உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஃபிரீமன், மிச்செல் முதலியோர் செய்த ஆய்வுகள், இளமையிற் பெரிய அளவிலான புள்ளிக்குவியமின்மையைத் திருத்தாது விட்டவர்களுக்கு, வளர்ந்த பின் மிகச் சரியான கண்ணாடியை அணிவித்தாலும், ஒருதிசைக் கோடுகள் மற்றத் திசையின அளவுக்குத் தெளிவதில்லை எனக் காட்டின. தெளிந்த உருவைப் பெறாது வளர்ந்த மூளை அதனைக் காணும் திறனை முற்றாகப் பெறவில்லை. வகுப்பறையின் பின்வரிசையிலிருந்து கரும்பலகையை உற்று நோக்கிக் கண் சுருக்கும் பிள்ளை, தன் குறையைத் தானே கூறும் எனக் காத்திருத்தலின் விளைவு இதுவாகும். யங்கே அறியாததை அப்பிள்ளை எவ்வாறு அறியும்?

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால், அறுபது ஆண்டுத் தாமதத்தின் காரணம் அறிவின்மை மாத்திரமன்று என்பது தெளிவாகும். யங்கிடம் அளவு இருந்தது; தேவை இருக்கவில்லை. கேரியின் வாடிக்கையாளரிடம் தேவை இருந்தது. அதனை அறிஞருலகுக்கு எடுத்துரைக்கும் குரல் இருக்கவில்லை. எயரியிடம் இரண்டும் இருந்தன. ஆனால், அவை ஒருவருக்கே உரியனவாய் நின்றன. முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்டு, அதனை அளவையாக்கி, எல்லோர்க்கும் எட்டச்செய்த மருத்துவமனை தோன்றிய பின்னரே வில்லை மக்களைச் சென்றடைந்தது.

இன்றும் சோதனை அறையில், கருவிகள் யாவும் தம் எண்ணைக் கூறிய பின், எட்வேர்ட் ஜக்சன் 1880களில் ஆக்கிய குறுக்குருளை வில்லையைக் கண்முன் திருப்பித் திருப்பி, இது தெளிவா, அதுவா என மருத்துவர் வினவுவது வழக்கம். கருவி அளந்ததை அணிபவரின் சொல்லே உறுதி செய்கின்றது. அவ்வினாவுக்கு அவசரமின்றி விடை கூறுவதும், புதிய கண்ணாடிக்குச் சில வாரப் பொறுமையை அளிப்பதும், அதன் பின்னரும் தொல்லை நீங்காவிடின் திரும்பச் சென்று அதனைத் தயங்காது கூறுவதும் அணிபவரின் பங்காகும். அச்சொல் கேட்கப்படாத இடத்தில் இவ்வறிவு அறுபது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.